ஏழு பத்து விமானமும் பன்னிரண்டு நிமிடமும்

ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் "ஸ்டேஷன் அக்கா வீடு எது?" என்று கேளுங்கள், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விடுவார்கள். ஊருக்குப் புதியவர்கள் மட்டும் அந்தப் பெயரைக் கேட்டதும், யாரோ போலீஸ்காரம்மா போலிருக்கிறது என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அக்காவுக்கும் போலீசுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஊருக்கு வடக்கே, ஒரு மலையின் காலடியில், ஒற்றை ஓடுதளமும் தகரக் கூரையுமாக ஒரு விமான நிலையம் இருக்கிறது. சமீப காலம் வரை ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம்தான். நாற்பத்தாறு இருக்கை, இரண்டு இறக்கையிலும் விசிறி சுற்றுகிற ரகம். காலை ஆறே முக்காலுக்கு வரும். ஏழு பத்துக்குத் துறைமுக நகரத்துக்குக் கிளம்பும். அந்த விமானக் கம்பெனிக்கு அங்கே இருபத்திரண்டு வருஷமாக அக்காதான் பொறுப்பாளர்.

பொறுப்பாளர் என்றால் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மணி அடிக்கிற உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். பெட்டியை எடை போடுவது அக்கா. அதில் அடையாளச் சீட்டைக் கட்டுவது அக்கா. பிறகு ஒலிபெருக்கியில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று கண்ணாடி அறைக்குள்ளிருந்து இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டு, பின்கட்டு வழியாக ஓடி வந்து வாசலில் நின்று பயணச்சீட்டைக் கிழிப்பதும் அக்காதான். ஒரு தடவை ஒரு வியாபாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உள்ளே இருக்கிறது உங்க தங்கச்சியா?" என்று கேட்டார். "ஆமாங்க, அவ கொஞ்சம் மந்தம். நான்தான் சுறுசுறுப்பு" என்றார் அக்கா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

சின்ன விமானத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது பெரிய விஷயம். பாரம் பின்னால் சேர்ந்தால் விமானிக்குத் தலைவலி. கனத்த சரீரக்காரர்களை முன்வரிசைக்கு நகர்த்துவதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். "சார், உங்களுக்காகவே முன்னாடி ஜன்னல் சீட் எடுத்து வச்சேன். மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தருக்கும் மனசு நோகவில்லை. ஊரின் குண்டான பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அக்காவுக்குத் தங்கள் மேல் தனி மரியாதை என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அதே துறைமுக நகரத்துக்கு மலையைச் சுற்றிக்கொண்டு போகிற பஸ். விமானம் ஐம்பது நிமிடத்தில் போகிற இடத்துக்கு அவர் ஒன்பது மணி நேரம் ஓட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சண்டைதான் அந்த வீட்டின் பொழுதுபோக்கு. "என் பஸ்ல போனா ஊர் ஊரா பாக்கலாம், உன் பிளேன்ல என்ன இருக்கு, மேகந்தானே?" என்பார் அவர். "ஆஸ்பத்திரிக்குப் போறவன் ஊர் பாக்கவா போறான்?" என்பார் அக்கா. உண்மையும் அதுதான். ஊர் ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு டாக்டர் கிடையாது; சிறுநீரகத்துக்கு டாக்டர் கிடையாது. வாரத்தில் நாலைந்து பேராவது எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த ஏழு பத்தில்தான் ஏறுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், அக்காவின் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கிப்போட்டது. முதல் மாதம் கழுத்தில் மாட்டுகிற அட்டையின் நிறம் மாறியது. இரண்டாம் மாதம் துறைமுக நகரத்து அலுவலகத்தை மூடி, அங்கே இருபது முப்பது வருஷமாக இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் ஒரு பட்டியல் வந்தது. பதினான்கு சிற்றூர் நிலையங்களில் ஐந்தை மூடப்போகிறார்களாம். மூடத் தகுந்தவை என்று வரிசைப்படுத்தியிருந்ததில் அக்காவின் ஊர்தான் முதலாவது.

பட்டியலுக்குப் பின்னாலேயே திட்ட அதிகாரி ஒருவரும் வந்தார். அவர் வந்ததே வேடிக்கை. விமானம் நின்றுபோனால் ஜனங்கள் எப்படிப் போவார்கள் என்று நேரில் பார்த்து எழுத வேண்டுமென்று, அக்கா வீட்டுக்காரரின் பஸ்ஸிலேயே ஏறி வந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டார். "உங்க கம்பெனி ஆளு ஒருத்தர் இன்னிக்கு என் பஸ்ல வந்தார். மூணு வளைவு, மூணு வாந்தி. பாவம், நல்ல மனுஷன். இஞ்சி மிட்டாய் வாங்கிக் கொடுத்து இறக்கிவிட்டேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கே அதிகாரி நிலையத்துக்கு வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். முகம் இன்னும் தெளியவில்லை. மடிக்கணினியை எடை மேசை மேல் திறந்து வைத்து, அக்காவுக்கும் பெட்டி அண்ணனுக்கும் விளக்கினார். பெட்டி அண்ணன் என்பவர் சுமை ஏற்றுகிற நாலு பேருக்குத் தலைவர். இரண்டு கையிலும் இரண்டிரண்டு பெட்டியாகத் தூக்குவதால் வந்த பெயர்.

புதுக் கம்பெனியின் ஏற்பாடு இதுதான். இனி சிற்றூருக்கும் சிற்றூருக்கும் நேர் விமானம் இல்லை. சுற்றுவட்டாரச் சின்ன விமானங்கள் எல்லாம் காலை எட்டு மணிவாக்கில் தலைநகரத்துப் பெரிய நிலையத்தில் வந்து இறங்க வேண்டும். அங்கிருந்து நாற்பது நிமிடத்தில் முப்பது திசைக்கும் பெரிய விமானங்கள் கிளம்பும். இறங்கியவர்கள் மாறி ஏறிக்கொள்ள வேண்டும். ஒரு சின்ன விமானம் தாமதித்தாலும் அதற்காகப் பெரியவை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஜனங்களை விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"எங்க வீட்டு ஒத்தை பாத்ரூம் மாதிரி" என்றார் பெட்டி அண்ணன். "காலைல ஒருத்தன் உள்ளே உக்காந்துட்டான்னா குடும்பமே லேட்டு."

"அதேதான்" என்றார் அதிகாரி, கொஞ்சமும் சிரிக்காமல். "அதனாலதான் நேரத்துக்குக் கிளம்பாத ஸ்டேஷனை எல்லாம் எடுத்துடறோம். மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க ஸ்டேஷன் தினமும் பன்னண்டு நிமிஷம் லேட்."

அக்கா அவரையே பார்த்தார். "எந்த ஸ்டேஷன்?"

"இதுதான். போன வருஷம் முழுக்கப் பாத்தாச்சு. ஏழு பத்து விமானம் ஏழு இருபத்திரண்டு, ஏழு இருபத்தொண்ணு, ஏழு இருபத்திமூணு. ஒரு நாள் கூட நேரத்துக்குக் கிளம்பல. பதினாலு ஸ்டேஷன்லயும் நீங்கதான் கடைசி."

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "சார்," என்றார் மெதுவாக, "பிரசவம் முடிஞ்சு தொண்ணூறு நாள் லீவு எடுத்திருக்கேன். மாமனார் செத்தப்போ மூணு நாள். அது போக இருபத்திரண்டு வருஷமா அந்தக் கதவு சாத்தறப்போ நான் பக்கத்துல நின்னிருக்கேன். ஏழு ஒன்பதுக்குச் சாத்துவோம், ஏழு பத்துக்குச் சக்கரம் உருளும். லேட்டா? நானா?"

"கணக்கு அப்படித்தான் மேடம் சொல்லுது. இன்னொண்ணும் இருக்கு. இங்கே லேட்டாக் கிளம்பி, துறைமுகத்துல நேரத்துக்குப் போய் இறங்குது. அப்படின்னா விமானிகள் விட்டதைப் பிடிக்கறதுக்காக வேகமா ஓட்டறாங்க, எரிபொருள் வீணாகுதுன்னு அதையும் குறையா எழுதியிருக்கோம்."

பெட்டி அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா போகவில்லை. "இன்னிக்கு விமானத்துல நீங்க திரும்பிப் போறதா இருக்கீங்க இல்லையா? போகாதீங்க. நாளைக்கு அனுப்பி வைக்கறேன். இன்னிக்கு என் கூடவே நின்னு பாருங்க" என்றார். அதிகாரிக்குப் பஸ் பயணத்தின் நினைவு இன்னும் தொண்டையிலேயே இருந்திருக்க வேண்டும். நாளைக்கு நிச்சயமாக விமானம்தானே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு சம்மதித்தார்.

அன்றைக்கு அவர் பார்த்ததை அந்த நிலையத்து ஆட்கள் தினமும் பார்க்கிறார்கள். ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும். ஆறு நாற்பத்தைந்துக்கு விமானம் வந்து நின்றது. விசிறி முழுசாக நிற்கும் முன்னாலேயே பெட்டி அண்ணனின் ஆட்கள் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டில் தயார். ஒரு பக்கம் பெட்டி இறங்க, மறுபக்கம் எரிபொருள் வண்டி குழாயை மாட்டியது. இறங்குகிறவர்களை வாசல் வரை கொண்டுவந்து விட்ட கையோடு, ஏறுகிறவர்களைப் பின்வரிசையிலிருந்து அனுப்பினார் அக்கா. நடக்க முடியாத ஒரு பெரியவரைப் பெட்டி அண்ணன் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார். பாரக் கணக்குத் தாளை அக்கா விமானியிடம் நீட்டினார். அவர் கையெழுத்திட்டு, "சரியா இருக்குக்கா" என்றார். கதவு சாத்தியது. அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு ஒன்பது. சக்கரம் உருண்டபோது ஏழு பத்து ஆக இருபது விநாடி இருந்தது. அப்போது அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ராணி மாதிரி நின்றார்.

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூடவே இன்னொன்றும் விளங்கவில்லை. விமானம் போன பிறகும் யாரும் நகரவில்லை. தீயணைப்பு வண்டி அதே இடத்தில் நின்றது. பெட்டி அண்ணனின் ஆட்கள் மஞ்சள் கோட்டில் நின்றார்கள். விமானம் ஓடுதளத்தின் கோடிக்கு ஊர்ந்து, திரும்பி, ஓடி, எழும்பி, வளைந்து, மலைக்கு அந்தப் பக்கம் மறைந்தது. சத்தமும் அடங்கியது. அதன் பிறகுதான் அக்கா உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "புறப்பட்டது" என்று தலைமை அலுவலகத்துக்குச் செய்தி தட்டினார். நேரம் என்ற கட்டத்தில் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து நிரப்பினார்: 7:22.

"மேடம்," என்றார் அதிகாரி, கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாக. "ஏழு பத்துன்னு இல்ல போடணும்?"

"செய்தி அனுப்பற நேரம் இதுதானே சார்?"

"அந்தக் கட்டம் செய்தி அனுப்பற நேரத்துக்கு இல்ல. விமானம் நகர்ந்த நேரத்துக்கு."

அக்காவின் விரல் இன்னும் பொத்தானின் மேலேயே இருந்தது. இருபது வருஷமாகத் தன் கையாலேயே, ஒரு நாள் விடாமல், தன் நிலையம் தாமதம் என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. இத்தனை சாமர்த்தியம் பேசிவிட்டு, ஒரு கட்டத்தில் என்ன எழுத வேண்டுமென்று தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று காது மடல் வரை சிவந்துபோனார்.

"ஏன் இவ்வளவு நேரம் காத்திருந்து அனுப்பறீங்க?" என்று கேட்டார் அதிகாரி. அதற்கும் ஒரு கதை உண்டு. அக்கா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். புறப்பட்ட செய்தி போய்விட்டால் நிலையத்தைப் பூட்டலாம், தீயணைப்பு வண்டி கொட்டகைக்குத் திரும்பலாம் என்பது அன்றைக்கும் விதி, இன்றைக்கும் விதி. அன்றைக்குக் கதவு சாத்தியதுமே அக்கா செய்தியைத் தட்டிவிட்டு, பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மலையைத் தாண்டுவதற்குள் இயந்திரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்து விமானம் திரும்பி வந்து இறங்கிவிட்டது. கொட்டுகிற மழை. நாற்பத்தொரு பேர் பூட்டிய கதவுக்கு வெளியே. அப்போது அக்கா வீட்டில் தொலைபேசி இல்லை. கோபுரத்துக்காரர், அதாவது விமானத்துக்கு வழி சொல்கிறவர், சைக்கிளில் ஆள் அனுப்பி, அக்கா ஓடி வந்து கதவைத் திறக்க முக்கால் மணி நேரமாகிவிட்டது. இறக்கையின் அடியில் ஒரு பெண் பத்து நாள் குழந்தையைத் தன் புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவை அவள் ஒன்றும் திட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"அன்னியிலேர்ந்து மலையத் தாண்டற வரைக்கும் நான் செய்தி அனுப்பறதில்ல சார். அனுப்பலேன்னா யாரும் பூட்ட முடியாது, யாரும் நகர முடியாது. பழைய கம்பெனில ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்ல."

ஏன் கேட்கவில்லை என்று அக்காவுக்கே அப்போதுதான் சந்தேகம் வந்தது. துறைமுக நகரத்து அலுவலகத்தில் இருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெரியவருக்குப் போன் போட்டார். இருபது வருஷம் குரலில் மட்டுமே பழகிய மனிதர்.

"அண்ணே, நான் நேரத்தைத் தப்பா போட்டுட்டிருந்தேனே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னம்மா? உன் செய்தி வந்தா பன்னண்டைக் கழிச்சிக்கணும்னு எங்க மேசையில சீட்டே ஒட்டியிருந்தோம். புதுசா வர்றவனுக்கு முதல் பாடமே அதுதான்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ மாத்திடுவேம்மா. உன் செய்தி வந்துதுன்னா விமானம் மலையத் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அது எங்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? வேற எந்த ஸ்டேஷனும் அந்த நிம்மதியைக் கொடுத்ததில்ல."

கம்பெனியை வாங்கியவர்கள் விமானத்தை வாங்கினார்கள், இருக்கையை வாங்கினார்கள், இருபது வருஷக் கணக்கையும் வாங்கினார்கள். பன்னிரண்டைக் கழிக்கத் தெரிந்தவர்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதை அக்கா சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

அதிகாரி நல்ல மனிதர் என்று வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு மூடுவது பற்றிக் கூட்டம், இன்று மாலை ஐந்துக்குள் ஆதாரம் போனால் பேசிப் பார்க்கிறேன் என்றார். ஆதாரத்துக்கு எங்கே போவது? கோபுரத்துக்காரரின் நோட்டுப் புத்தகம் இருந்தது. விமானம் நகர அனுமதி கொடுத்த நேரத்தை அவர் தினமும் தன் கையால் எழுதுகிறவர். அதில் உள்ள நேரத்தையும் அக்கா அனுப்பிய நேரத்தையும் ஒரு வருஷத்துக்கு நாள்வாரியாக ஒப்பிட வேண்டும். கோபுரத்துக்காரரின் கையெழுத்தோ மருந்துச் சீட்டுக்குத் தம்பி. ஓய்வு நாளில் கஞ்சி கொண்டுவந்த வீட்டுக்காரரை அக்கா பிடித்து உட்கார வைத்தார். முப்பது வருஷம் ஊர்ப் பெயர்களைக் கூவி ஏற்றிய தொண்டை. அவர் நோட்டைப் பார்த்துத் தேதியும் நேரமும் கூவ, பெட்டி அண்ணன் சரிபார்க்க, அக்கா எழுத, அதிகாரி கணினியில் ஏற்றினார்.

மூன்றரை மணிக்கு முடிந்தது. விமானம் இயங்கியது முந்நூற்று ஐம்பத்தெட்டு நாள். நேரத்துக்குக் கிளம்பியது முந்நூற்று முப்பத்தொன்பது நாள். உண்மையாகவே தாமதித்தது பத்தொன்பது நாள். "அந்தப் பத்தொன்பதுல ரெண்டு மூணைச் சுருக்கிடலாமே" என்றார் பெட்டி அண்ணன். "எதுக்கு? மூடுபனி என் கையிலயா இருக்கு? பத்தொன்பதுன்னே போடு" என்றார் அக்கா.

கடைசியில் ஒரு சிக்கல் இருந்தது. இதையெல்லாம் அனுப்ப வேண்டுமானால், இருபது வருஷமாகத் தவறான நேரம் பதிந்தேன் என்று அக்கா கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "மேடம், மறைக்காமச் சொல்றேன்" என்றார் அதிகாரி. "புதுக் கம்பெனி விதிப்படி தப்பான நேரம் பதியறது வேலையை விட்டு எடுக்கக்கூடிய குத்தம். இந்தக் கடிதம் போனா ஸ்டேஷன் பிழைக்கலாம். உங்க வேலை பிழைக்கும்னு நான் சொல்ல முடியாது. போகலேன்னா, ஸ்டேஷனை மூடினாலும் உங்களை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. உங்களுக்கு ஆபத்தில்ல."

அக்காவுக்கு இன்னும் எட்டு வருஷ வேலை பாக்கி. பேனாவை எடுத்தவர் அந்த எட்டு வருஷத்தை விரல் விட்டு எண்ணினார். வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார். "என்ன யோசனை? போடு. வேலை போனா என் பஸ்ல கண்டக்டரா வந்துடு. முப்பது வருஷமா அந்த பஸ்ஸு நேரத்துக்குக் கிளம்பினதே இல்ல."

"உங்க பஸ்ஸை நேரத்துக்குக் கிளப்பறதுக்கு நான் இன்னொரு பிறவி எடுக்கணும்" என்றார் அக்கா. கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ஐந்து ஊர்களின் நிலையங்களை மூடினார்கள். அதில் அக்காவின் ஊர் இல்லை. நேர் விமானம் நின்றுபோனது. துறைமுக நகரத்துக்குப் போகிறவர்கள் இப்போது தலைநகரத்தில் மாறி, பதினொரு மணிக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள். முணுமுணுக்கிறார்கள், அக்கா காது கொடுத்துக் கேட்டுக்கொள்கிறார், ஏனென்றால் அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் ஒன்பது மணி நேரப் பஸ்ஸில் எக்ஸ்ரே உறையோடு யாரும் போகவில்லை. தலைநகரத்துக்குச் சாயங்காலமும் ஒரு விமானம் விட்டிருக்கிறார்கள். செய்தியைச் சக்கரம் உருண்ட நேரத்துக்கே அக்கா அனுப்பிவிடுகிறார். சாவியை மட்டும் மலையைத் தாண்டும் வரை யாருக்கும் கொடுப்பதில்லை. செய்தி வேறு, பூட்டு வேறு என்று பிரித்துவிட்டார்.

வேலை போகவில்லை. ஆனால் அக்காவின் பெயருக்கு ஒரு கடும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மறுநாளே அக்கா அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு, எடை மேசைக்கு மேலே, வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டார். "எச்சரிக்கைக்குச் சட்டம் போட்ட முதல் ஆளு நீதான்" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அதே அதிகாரி, இந்த முறை விமானத்திலேயே வந்து, வேலை முடிந்து திரும்பிப் போக வரிசையில் நின்றவர், சுவரைப் பார்த்துத் திகைத்துப்போனார். "மேடம், இதையா மாட்டி வச்சிருக்கீங்க? இது தண்டனைக் கடிதம் இல்லையா?"

"முதல் வரியைச் சத்தமாப் படிங்க சார்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "கடந்த ஆண்டு இயங்கிய முந்நூற்று ஐம்பத்தெட்டு நாட்களில், முந்நூற்று முப்பத்தொன்பது நாட்கள் தங்கள் நிலையத்திலிருந்து விமானம் குறித்த நேரத்தில் புறப்பட்டிருந்தும், தாங்கள் அதைத் தாமதமாகப் பதிவு செய்து..."

"போதும்" என்றார் அக்கா. "இருபத்திரண்டு வருஷத்துல கம்பெனி முத்திரையோட இதைச் சொன்னது இந்த ஒரு காகிதந்தான். பெட்டியைத் தராசுல வைங்க சார், ஏழு ஒன்பதுக்குக் கதவு சாத்தணும்."